ஏணைக்கு மாட்டிய ரப்பர்

என் தொழிலை ஒரு வசனத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்ப், பெரிய ஏசி இயந்திரம் எல்லாம் ஓடும்போது அதிரும். அந்த அதிர்வு கட்டடத்துக்குள் இறங்காதபடி அவற்றின் அடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும் வைக்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்று சொல்வது நான். கொழும்பில் மாடிகள் எழும்ப எழும்ப எனக்குச் சோறு கிடைத்தது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "என்ஜினியர்" என்று சொல்லிவிட்டுப் பந்தியைத் தேடிப் போய்விடுவேன்.

ஊராரின் இயந்திரங்களை எல்லாம் அடக்கியவனுக்குத் தன் வீட்டு ஸ்பிரிங் ஒன்றை அடக்க முடியவில்லை. இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

என் மகள் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். ஓட்டை மட்டும் என்றால் பொறுத்திருக்கலாம், நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் ஒடுங்கியிருந்தது. சத்திரசிகிச்சை செய்தால் சுகம் வரும் என்றார் டாக்டர். ஆனால் அதற்கு அவள் கொஞ்சம் நிறை கூட வேண்டும், ஆஸ்பத்திரியில் அவளுடைய முறையும் வர வேண்டும். முறை வந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அதுவரை நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை நெடுநேரம் அழவிடக்கூடாது.

கேட்கும்போது லேசாகத்தான் இருந்தது. பச்சைப் பிள்ளைக்கு அழுகையைத் தவிர வேறு என்ன வேலை? பசித்தாலும் அழும், குளிர்ந்தாலும் அழும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அழும். எங்கள் மகள் அழுதால் முதலில் உதடு கறுக்கும். பிறகு நகம். நாவற்பழம் தின்றவளைப் போல வாய் முழுவதும் நீலமாகிவிடும். அப்போது முழங்கால்களை மடித்து நெஞ்சோடு அமர்த்திப் பிடிக்க வேண்டும். நிறம் திரும்பும் வரை நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். பார்க்கப் பயம்.

அவள் கட்டிலில் படுக்க மாட்டாள். மடியிலும் நெடுநேரம் தங்க மாட்டாள். ஏணையில் போட்டால் மட்டும் உறங்குவாள். சேலையை மடித்து முகட்டிலிருந்து தொங்கவிடும் தூளியைத்தான் நாங்கள் ஏணை என்போம். எங்கள் ஹோலில், அதாவது முன் அறையில், இருந்த ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டி, ஸ்பிரிங்கில் சேலையைக் கட்டினோம். வெள்ளவத்தை வெக்கையில் ஃபேன் இல்லாத ஹோல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேசை ஃபேன் ஒன்று வைத்துக்கொண்டோம், அதுவும் பிள்ளைக்குக் காற்று நேரே அடிக்காதபடி சுவரைப் பார்த்துச் சுழன்றது.

அந்த ஸ்பிரிங் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், அங்கே இருக்கிறார். எங்கள் ஆட்களில் ஏணை ஸ்பிரிங்கைக் கடையில் புதிதாக வாங்குகிறவர்கள் குறைவு. பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வருவார்கள், பிறகு அது இன்னொரு வீட்டுக்குப் போகும். மச்சாள் அதைத் துவாயில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கோயிலில் வைத்து எடுத்ததால் கம்பியில் திருநீறு ஒட்டியிருந்தது.

"என்ர மூண்டு பெடியளும் இதிலதான் ஆடினவங்கள். இப்ப பாருங்கோ, கதவால உள்ளுக்கு வர ஏலாமல் நிக்கிறாங்கள். இவளும் அப்பிடித்தான் வருவாள், தம்பி" என்றார்.

நான் அந்தக் கம்பியின் தடிப்பைப் பார்த்த உடனேயே விஷயம் விளங்கிவிட்டது. அது அந்தக் கொழுத்த பெடியன்களுக்கான ஸ்பிரிங். பாரமான பிள்ளையைப் போட்டால் மெத்தென்று இறங்கி ஏறும். என் மகள் பூனைக்குட்டி அளவு. அவளுக்கு அந்த ஸ்பிரிங் அரைவாசிகூட விரியாது, வெடுக்கு வெடுக்கென்று துள்ளும். மெல்லிய கம்பியில் வேறொன்று வாங்குவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அக்கா ஆசையாக் கொண்டந்தவ" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தத் திருநீற்றைக் கழுவிவிட்டு வேறு ஸ்பிரிங் மாட்டத் தைரியம் வரவில்லை. கணக்கு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

எங்கள் வீடு கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. ரயில் போனால் கட்டடம் நடுங்கும். குடிவந்த புதிதில் கவனித்தோம், பிறகு மறந்துவிட்டோம். ஏணை கட்டிய பிறகு மறுபடி ஞாபகம் வந்தது. காலையில் அலுவலக ரயில் மருதானைப் பக்கம் போகும்போது நிலம் நடுங்கும், முகடு நடுங்கும், கொக்கி நடுங்கும், கடைசியில் ஸ்பிரிங் கடகடவென்று பல்லைக் கடிக்கும். ரயில் போய்விடும். ஸ்பிரிங் நிற்காது. உருக்குக் கம்பியின் குணம் அது. கொடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுக்கும், திரும்ப வாங்கும், மறுபடி கொடுக்கும். தன்னிடம் ஒன்றையும் வைத்துக்கொள்ளாது. அந்த நடுக்கத்தில் பிள்ளை விழித்துவிடுவாள்.

ஒருநாள் காலை அப்படி விழித்து அழுதவள் அடங்கவில்லை. நான் வேலைக்குப் போகச் சேர்ட் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி அவளைத் தூக்கி முழங்காலை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கறுத்தது, நகம் கறுத்தது, பிறகு அழுகையே நின்றுபோய்த் தலை சாய்ந்தது. "இஞ்சருங்கோ" என்று மட்டும் மனைவி சொன்னாள். நான் சேர்ட்டின் பட்டனைப் பிடித்தபடி நின்றேன். ஓடிப்போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று உடம்பு சொல்கிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பார்த்துவிட்டு, நீங்கள் செய்தது சரி, முறை வரும்வரை இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்படியே என்றால் எப்படி?

இதயத்தை என்னால் திருத்த முடியாது. ரயிலை நிறுத்த முடியாது. என் கைக்கு எட்டியது அந்த ஸ்பிரிங் ஒன்றுதான். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி, ஸ்பிரிங்கின் சுருள்களுக்குள் திணித்தேன். சத்தம் நின்றது. ஆனால் வீடு முழுக்க ரப்பர் மணம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைக்கு இருக்கிற மூச்சே போதாமல் கிடக்கு, இதையும் சுவாசிக்கவோ என்றாள். டியூப்பை வெந்நீரில் அவித்துக் காயவைத்தேன். மணம் போகவில்லை, டியூப் மட்டும் ஒட்டிக்கொண்டு பிசின் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அடுத்த சிக்கல் பரிசோதனை. எந்த ரப்பர் சரி என்று அறிய வேண்டுமானால் ஏணையை ஆட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வெறும் ஏணையை இழுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மச்சாள் சாப்பாட்டுக் கரியரோடு உள்ளே வந்தார். வெறும் ஏணையை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் என் மூளை வேலைத்தளத்தில் நின்றது.

மச்சாள் கரியரைக் கீழே வைத்துவிட்டு ஏணையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன தம்பி இது. படிச்ச நீங்கள் செய்யிற வேலையா?"

"பாரம் வைச்சுத்தான் பாக்கோணும் மச்சாள். பிள்ளையை வைச்சுப் பாக்க ஏலாதுதானே."

"அப்ப அரிசிப் பையை வையுங்கோ."

"அரிசிப் பையை வைச்சு ஆட்டினா மட்டும் பரவாயில்லையோ?" என்றாள் மனைவி உள்ளே இருந்து. இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அரிசி வெறுமை இல்லை, ஆனால் அரிசி பிள்ளையும் இல்லை. கடைசியில் வீட்டுக்குள் வைத்து ஒன்றும் செய்யக்கூடாது என்று தீர்ப்பானது. நான் ஸ்பிரிங்கைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோய், களஞ்சிய அறையில் தொங்கவிட்டு, பிள்ளையின் நிறைக்கு நட்டும் போல்ட்டும் கட்டி ஆட்டினேன். கூட வேலை செய்கிறவர்கள் என்ன புது மெஷின் என்று கேட்டார்கள். ஓம், புது மெஷின் என்றேன்.

ஸ்பிரிங் வீட்டில் இல்லாத அந்தப் பகல் முழுவதும் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். மாலையில் நான் வரும்போது அவள் கால் வீங்கியிருந்தது. என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சரியான ரப்பர் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் கிடைத்தது. கடைக்காரர் முஸ்லிம், வெள்ளைத் தொப்பி, வயதானவர். அண்ணன் முறையில் அவர்களை நாங்கள் நானா என்போம்.

"என்ன வாகனத்துக்கு மகன்?"

"வாகனம் இல்லை நானா. ஏணைக்கு."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிள்ளையின் விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அந்த நாட்களில் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கடையிலிருந்த ரப்பர்த் துண்டுகளை எல்லாம் மேசையில் கொட்டிவிட்டு, ஆறுதலாகப் பாருங்க என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றின்மேலும் ஓர் இரும்பு நட்டை விழவிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் நட்டு துள்ளியது. ஒரே ஒரு துண்டில், கறுப்பும் சாம்பலும் கலந்த, களிமண்போல மென்மையான துண்டில், பொத்தென்று விழுந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதிர்வை அப்படியே விழுங்கிவிடும் இனம் அது. கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான், திருப்பித் தராது. மணமும் இல்லை. நான் எழும்பும்போது கடைக்காரர், "அல்லா லேசாக்கி வைப்பான் மகன்" என்றார். தெருவில் இறங்கி நடக்கும்போது கண் கலங்கிவிட்டது.

கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு துண்டு. சுருள்களின் உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரு நீளத் துண்டு. எது அறுந்தாலும் பிள்ளை விழாதபடி நடுவே ஒரு கயிறு. அடுத்த காலை அலுவலக ரயில் வந்தபோது நான் ஏணைக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்திருந்தேன். நிலம் நடுங்கியது, யன்னல் கண்ணாடி நடுங்கியது. ஸ்பிரிங் அசையவில்லை. மகள் உறங்கினாள். எத்தனையோ பெரிய கட்டடங்களில் வேலை முடித்திருக்கிறேன், ஆனால் அன்றுபோல் எனக்குப் பெருமை வந்ததில்லை. தோளைத் தட்ட ஆளில்லாமல் நானே தட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

அந்த வாரம் அவள் நன்றாக உறங்கினாள். ஆனால் மனைவி மெலிந்துகொண்டு வந்தாள். தலை வாராமல், உடுப்பு மாற்றாமல் இருந்தாள். களைப்பு என்று நினைத்தேன். அலுவலகத்தில் வேலை குறைந்த ஒருநாள் மத்தியானம் அறிவிக்காமல் வீட்டுக்கு வந்தேன். குசினியில் அடுப்பு மூட்டப்படவில்லை. மனைவி ஏணைக்குப் பக்கத்தில் நிலத்தில் முழந்தாளில் நின்று, சேலைக்கு வெளியே உள்ளங்கையை வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன் மெதுவாக.

விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, கையை எடுத்து, என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

"நீர் சாப்பிடேல்லையா?"

"எப்பிடிச் சாப்பிடுறது. இஞ்ச நிண்டா எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை?"

அவள் குசினி வாசலில் நின்று ஹோலைக் காட்டினாள். நான் முதல் தடவையாக அவள் நிற்கும் இடத்திலிருந்து ஏணையைப் பார்த்தேன். சேலை இரண்டு பக்கமும் மூடி, நடுவில் ஒரு சின்னப் பாரம். பிள்ளையின் முகமும் தெரியாது, கையும் தெரியாது. தெரிவது மேலே உள்ள ஸ்பிரிங் மட்டும்.

"முந்தி அது ஆடும். காலை நீட்டினா ஆடும், நித்திரையில வாய் சூப்பினா நடுங்கும், பெருமூச்சு விட்டாலும் ஒரு துடி துடிக்கும். நான் கறி பிரட்டிப் பிரட்டி அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறனான். இப்ப அது அசையுதே இல்லை. உள்ளுக்கு ஆரும் இல்லாத மாதிரிக் கிடக்கு. ஒவ்வொருக்காலும் வந்து கை வைச்சுப் பாக்க வேண்டிக் கிடக்கு. கை வைச்சா எழும்பிடுவாளோ எண்டும் பயம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எவ்வளவு பாடுபட்டுச் செய்தனீங்கள்" என்றாள். பிறகு அழுதாள். பிள்ளை கேட்காதபடி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் அழுவதற்கு அவளுக்கும் அனுமதி இருக்கவில்லை.

ரயிலின் அதிர்வு எது, பிள்ளையின் அசைவு எது என்று ரப்பருக்குத் தெரியாது. இரண்டையும் விழுங்கியிருந்தது. அசையாமல் நிற்க வைப்பதுதான் என் படிப்பு முழுவதும். அசையாமல் நிற்பதைப் பார்த்து ஒருத்தி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் பட்டினி கிடக்கக்கூடும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

மகள் விழித்ததும் அவளைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கதிரையில் ஏறிச் சுருள்களுக்குள் இருந்த நீளத் துண்டை உருவி எடுத்தேன். கொக்கியில் இருந்ததை விட்டுவைத்தேன். லேசான ரயில்கள் அதற்கு அடங்கின. காலை அலுவலக ரயில் அடங்கவில்லை. ஆகவே அந்த ரயிலுக்கு முன்னமே நான் ஏணைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஸ்பிரிங்கைக் கையால் பொத்திப் பிடித்துக்கொள்வேன். ரயில் போய் முடியும்வரை பிடித்திருப்பேன். என் உள்ளங்கையில் அது பிடிபட்ட மீனைப்போல் துடிக்கும். என் இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டுபிடித்த ஆகச் சிறந்த முறை அதுதான்.

மனைவி மறுபடி சமைத்தாள். நானும் அவள் நின்ற இடத்தில் நின்று ஸ்பிரிங்கைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அது கொஞ்ச நேரம் சும்மா நின்றால் கையில் இருக்கும் தேநீர் இறங்காது. ஒரு துடி துடித்தால் இறங்கும். அப்படியே நாட்கள் போயின. மகளின் நிறை ஏறியது, ஆனால் நாங்கள் நினைத்த வேகத்தில் இல்லை. தொலைபேசி அடிக்கும், எடுத்தால் மச்சாளாக இருக்கும்.

ஒருநாள் அது ஆஸ்பத்திரியாக இருந்தது.

சத்திரசிகிச்சைக்கு அவளைக் கொண்டுபோகும்போது தாதி ஒருவர் எங்கள் கையிலிருந்து வாங்கினார். அந்நிய முகத்தைக் கண்டு அவள் அழத் தொடங்கினாள். கதவு மூடியது. மூடிய கதவுக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டே போவது கேட்டது. இத்தனை மாதமும் ஒரு சிணுங்கலுக்கு ஓடிய நாங்கள் இருவரும் அந்தக் கதவின் முன்னால் நின்றோம். மனைவி கதவில் உள்ளங்கையை வைத்தாள். அதைத்தான் நான் அந்த நாளில் தெளிவாக ஞாபகம் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் உட்கார்ந்திருந்த வாங்கு, சுவர், தண்ணீர்ப் போத்தல்.

அவள் பிழைத்தாள். கருவிகள் நடுவே சில நாள் கிடந்து, பிறகு வார்ட்டுக்கு வந்தாள். அங்கே ஒரு பகல், பாலுக்கு நேரம் வருவதற்கு முன் அவளுக்குப் பசித்துவிட்டது. அழத் தொடங்கினாள். பழக்கத்தில் இருவரும் பாய்ந்தோம், பாய்ந்த இடத்திலேயே நின்றோம். அவள் வாயை அகலத் திறந்து, கட்டிலை உதைத்து, வார்ட் முழுக்கக் கேட்க அழுதாள். அந்தத் தொண்டைக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த கட்டிலைக் கவனித்துக்கொண்டிருந்த தாதி திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் கடிந்தார். பிள்ளை இப்படி அழுகிறது, தாயும் தகப்பனும் மரம் மாதிரி நின்று பார்க்கிறீர்களே, தூக்கக்கூடாதா என்றார்.

நான் குனிந்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் கண் பிள்ளையின் உதட்டைவிட்டு அகலவில்லை. அழ அழ அது சிவந்துகொண்டு வந்தது.

"கொஞ்சம் அழட்டும்" என்றாள்.